அஷ்வினுக்கு, சவுத்தாம்ப்டன் பற்றி

அன்புள்ள அஷ்வின்,

டிசம்பர் 18 மறுபடி வந்துவிட்டது. 2024இல் பிரிஸ்பேன் டெஸ்ட் மழையில் டிரா ஆன கையோடு, ரோஹித் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கேள்வி வேண்டாம் என்று எழுந்து போனீர்களே, அந்தத் தேதி. 537 விக்கெட், ஆறு சதம், 11 தொடர் நாயகன் விருது என்று உங்களிடமே பட்டியல் வாசித்தால் அது திருநெல்வேலிக்கே அல்வா. கேரம் பந்துக் கதையும் வேண்டாம். 2018 சவுத்தாம்ப்டன் டெஸ்டைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன்.

"வெளிநாட்டில் அஷ்வின் எடுபட மாட்டார்" என்று யார் ஆரம்பித்தாலும் வந்து நிற்கும் இடம் அதுதான். ஒரே பிட்ச், ஒரே ரஃப் (பவுலர்களின் காலடியில் பெயர்ந்து கிடக்கும் கரடுமுரடு மண்). இங்கிலாந்தின் ஆஃப் ஸ்பின்னர் மொயின் அலிக்கு ஒன்பது விக்கெட், உங்களுக்கு மூன்று. 245 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 184க்கு ஆல் அவுட். 60 ரன்னில் மேட்ச் போச்சு, தொடரும் போச்சு. அந்த ராத்திரி உங்களைப் பற்றி ஊரில் பேசியதை இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன். பேசியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு உங்கள் யூடியூபுக்குக் கீழே இதயம் போடுகிறவர்கள். இந்தக் கடிதத்தையும் படிப்பார்கள்.

அந்த ரஃப் எங்கே இருந்தது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வலது கை பேட்ஸ்மேனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. இந்தியாவின் முதல் ஏழு பேரில் இடது கை தவானும் பந்த்தும் மட்டும்தான். மொயின் அதே மண்ணில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும், மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். ஒன்று நிமிரும், ஒன்று தாழும், ஒன்று உள்ளே திரும்பிக் கால்காப்பில் அடிக்கும். மட்டையில் பட்டுப் பக்கத்திலேயே கேட்ச், எல்பிடபிள்யூ, போல்ட், மூன்றுக்கும் வழி உண்டு.

இங்கிலாந்து பக்கம் குக், ஜென்னிங்ஸ், மொயின், ஸ்டோக்ஸ், கரன், பிராட், எல்லாம் இடது கை. அவர்களுக்கு அதே ரஃப் லெக் ஸ்டம்புக்கு வெளியே போய்விடுகிறது. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தின பந்துக்கு எல்பி கிடையாது. கால்காப்பைக் கொடுத்து நிற்கலாம், வேண்டுமென்றால் ஸ்வீப் ஆடலாம். ஆக, மொயினுக்குப் பொன்னாக இருந்த மண் உங்களுக்குப் பாதி நேரம் வெறும் மண். ஸ்கோர்கார்டில் இது தெரியாது. "ஒரே பிட்ச்தானே" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் பட்லர் வலது கை. ரூட்டும் வலது கை. ரஃப் அவர்களுக்கு நேர் எதிரே இருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் பட்லர் 69 அடித்தார். 37 ஓவருக்கு மேல் போட்டு உங்களுக்குக் கிடைத்தது ஒரே விக்கெட். இதற்கு இடது கைக் கணக்கு உதவாது. உங்கள் இடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய ட்ரென்ட் பிரிட்ஜ் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் நீங்கள் போட்டது ஒரே ஓவர். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது அங்கேதான். ஆஃப் ஸ்பின்னை விரல் வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். விரல் கடைசியில்தான் வருகிறது. இடது கால் ஊன்றி, இடுப்பு அதன்மேல் முழுசாகச் சுழன்று, வலது முழங்கால் முன்னால் வர வேண்டும். பந்தின் சுற்றும் வேகமும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. இடுப்போ தொடை இடுக்கோ வலித்தால் உடம்பு தானாகவே எட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். சுழற்சி பாதியில் நிற்கும், கை தாழும், உடம்பு பக்கவாட்டில் சாயும். பந்து போகும், ஆனால் டிரிஃப்ட், அதாவது காற்றிலேயே பக்கவாட்டில் நகர்வது, இருக்காது, இறக்கமும் இருக்காது. ரஃபில் குத்தினாலும் மெதுவாக எழும். பட்லர் மாதிரி ஆளுக்குப் பின்காலில் போய்ப் பார்த்து ஆட அது போதும். உடம்பு ஒத்துழைக்காதபோது நீங்கள் வேறு பந்துகளைத் தேடிப் போனீர்கள். மொயின் எதையும் தேடவில்லை. நீங்கள் தேடியதைத் திமிர் என்றார்கள். வலியோடு இருக்கிற ஸ்பின்னர் ஒரே இடத்தில் ஐம்பது பந்து போட முடியாமல்தான் வித்தை காட்டுகிறார் என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. அதற்காக இந்த ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்புறம் கோபமும் வருகிறது. ஆட முடியும் என்று சொன்னது யார்? பிசியோவா, கேப்டனா, நீங்களா? நெட்ஸில் நாலு ஓவர் போட்டுப் பார்ப்பதும், மேட்ச் நடுவில் நாற்பது ஓவர் போடுவதும் ஒன்றில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? பொறியியல் படித்தவர், ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் வீடியோ பார்த்துக் குறிப்பு எடுப்பவர், சொந்த உடம்பின் கணக்கை மட்டும் ஏன் சரியாகப் போடவில்லை? அடுத்த ஓவல் டெஸ்டில் ஜடேஜா வந்தார். அதற்கப்புறம் வெளிநாட்டில் ஒரே ஒரு ஸ்பின்னர் என்றால் யார் என்ற கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே போனது. அந்த வாசலை நீங்களும் கொஞ்சம் திறந்துவிட்டீர்கள்.

அதே தொடரில் ஒரு மாசம் முன்னால் எட்ஜ்பாஸ்டனில் குக்கை இரண்டு இன்னிங்ஸிலும் போல்ட் ஆக்கினதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. லெக் பக்கமாக மிதந்து உள்ளே வந்த பந்து, குத்தின பிறகு வெளியே திரும்பி, மட்டையைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. தொடரின் முதல் இரண்டு நாளில் நடந்தது அது, ரஃப் இன்னும் சரியாகப் பிறக்கவே இல்லை. டிரிஃப்டும் சுழற்சியும் மட்டுமே செய்த வேலை. இடுப்பு நன்றாக இருந்த அஷ்வின் இங்கிலாந்தில் எப்படிப் போடுவார் என்று கேட்கிறவர்களுக்கு அந்த இரண்டு பந்தைக் காட்டினால் போதும்.

2021 ஜூனில் அதே சவுத்தாம்ப்டன், நியூசிலாந்துடன் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி. வேகப்பந்துக்கென்றே செய்த மாதிரி ஒரு பிட்ச். நாலு விக்கெட் எடுத்தீர்கள். லேதம் இரண்டு முறை, கான்வே, வாக்னர், நாலும் இடது கை. அதற்கடுத்து வந்த இங்கிலாந்து தொடரில் அந்த வருஷம் நடந்த நாலு டெஸ்டிலும் பெவிலியன். 2023இல் ஓவலில் நடந்த அடுத்த சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் முதல் ஏழில் கவாஜா, வார்னர், ஹெட், கேரி என நாலு இடது கை. உலக ரேங்கிங்கில் முதல் பவுலரான நீங்கள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஹெட் 163. முடிவெடுத்தவர்கள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கடிதம் உங்களை விட்டுவிட்டு அவர்கள் ரசிகர்களோடு சண்டையாகிவிடும். மேகமூட்டம், பசுமைப் பிட்ச் என்று அவர்களுக்கும் காரணம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சிட்னி 2021 டெஸ்ட் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முதுகு பிடித்து நிமிர முடியாத ஒருவரும் தொடை பிடித்து ஓட முடியாத விஹாரியும் 42 ஓவருக்கு மேல் நின்றீர்கள். ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டது. வலியோடு ஆடுவது எப்படி என்பது அங்கே உங்களுக்குத் தெரிந்திருந்தது. மட்டையோடு அது முடியும், 128 பந்து தாங்கலாம். பந்தோடு முடியாது.

கடைசியாக சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடியது 2024 செப்டம்பரில், பங்களாதேஷுடன். 113 ரன், அப்புறம் இரண்டாவது இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு ஆறு விக்கெட். அது கடைசி என்று ஊருக்குத் தெரியாது. வழியனுப்புவிழா எனக்கு வேண்டாம் என்பது உங்கள் நியாயம். உங்களுக்கு வேண்டாம், சரி. எங்களுக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைசி ஆஸ்திரேலியத் தொடரில் பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் நீங்கள், பிரிஸ்பேனில் ஜடேஜா என்று ஆள் மாற்றியதில் உங்களுக்கு என்ன பட்டதோ, மணிக்கணக்காக எல்லாவற்றையும் விளக்குகிற நீங்கள் அன்றைக்கு மட்டும் இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டீர்கள்.

அடிலெய்டில் எடுத்த கடைசி விக்கெட் மிட்செல் மார்ஷ். பந்த் கையில் பிடித்ததும் அம்பயரைக்கூடப் பார்க்காமல் அவராகவே நடந்துவிட்டார். ரீப்ளேயில் பார்த்தால் மட்டையில் படவே இல்லை. எத்தனை டெஸ்டில் வெளியே உட்கார வைத்தார்களோ, அந்தக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள். மார்ஷ் திரும்பி வந்து கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
டிரிப்ளிகேன் பக்கத்து ஆள் ஒருவன்