தாளாளர் ஃபாதர்களுக்கு: கையெழுத்துக்கு முன்னால் எங்களைக் கேளுங்கள்

தோத்திரம் ஃபாதர்.

தமிழ்நாட்டில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளிகளுக்குத் தாளாளராக இருக்கிற எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். எங்கள் பள்ளி எது என்று தேட வேண்டாம், என் அக்கா ஊரிலும் இதே கதைதான்.

போன மாதம், மூன்றாம் வகுப்பு படிக்கிற மகனைக் கூட்டிவரப் போயிருந்தேன். தூறல். கேட் பக்கத்தில் டீச்சர் ஒரு நீளமான நோட்டை நீட்டி, பக்கத்தின் அடியில் விரலை வைத்து, "அம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்றார். மேலே தேதியும் 'பெற்றோர் கூட்டம், தீர்மானங்கள்' என்ற தலைப்பும் இருந்தன. நடுவில் முழுக்கக் காலி. அடியில் ஏற்கெனவே 11 கையெழுத்து, 2 கைநாட்டு. என்ன தீர்மானம் டீச்சர் என்றேன். "அதை ஃபாதர் எழுதிக்குவாரு." பையன் நனைந்துகொண்டு நிற்கிறான், நானும் போட்டுவிட்டு வந்துவிட்டேன். டீச்சரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்தார்.

சட்டப்படி நாங்கள் உங்களை ஒன்றும் செய்ய முடியாது என்பதும் தெரியும் (வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன், கொஞ்சம் காதில் விழும்). 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்கட்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கட்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும் என்றது. 2012இல் அதைத் திருத்தி, உங்களுடையதைப் போன்ற சிறுபான்மைப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். 2014இல் பிரமதி என்ற கல்வி அறக்கட்டளை போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்றுவிட்டது. அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு சொல்லியிருப்பது தனிக்கதை. ஆக அரசாங்கச் சட்டம் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. சரி.

ஆனால் உங்கள் சட்டம் உள்ளேயே இருக்கிறதே ஃபாதர். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 796ஆம் சட்டத்தைத் திறந்து பாருங்கள்: ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி வேலை செய்ய வேண்டும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும், பெற்றோருக்குச் சங்கமோ கூட்டமோ ஏற்படுத்தி அதை மதிக்க வேண்டும். கைநாட்டு வாங்கச் சொல்லி அதில் இல்லை. ஞானஸ்நானத்தின்போது அப்பா அம்மாவை நிற்கவைத்து, இந்தப் பிள்ளைக்கு விசுவாசத்தில் முதல் ஆசிரியர்கள் நீங்கள்தான் என்று ஆசீர்வதிப்பதும் நீங்கள்தானே? அதே பிள்ளைக்கு ஐந்து வயதானதும் நாங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்களாகிவிடுகிறோம். இந்துப் பெற்றோர் பாடு இன்னும் மோசம். எங்கள் பள்ளியில் பாதிக்குமேல் அவர்கள் பிள்ளைகள்தான், பூசை முடிந்து வாசலில் நின்று உங்களிடம் இரண்டு வார்த்தை பேசுகிற வாய்ப்புகூட அவர்களுக்குக் கிடையாது.

திருவிழா முடிந்தால் தேர் அலங்காரத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், பந்தலுக்கு எவ்வளவு போனது என்று கோயில் போர்டில் ஒட்டுகிறீர்கள், ஊரே நின்று படிக்கிறது, ஒரு முணுமுணுப்பு இல்லை. பள்ளிக்குப் பராமரிப்பு என்று வாங்குகிற பணத்துக்கு மட்டும் ஏன் அந்தப் போர்டில் இடமில்லை? ஆசிரியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் தந்தாலும் கட்டடம், கழிப்பறை, பெயின்ட் எல்லாம் உங்கள் தலையில்தான் என்பது புரிகிறது. புரிகிறவர்களிடம் கணக்கைச் சொல்வதில் என்ன சங்கடம்?

பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்கு ஆறு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், மகள் வீட்டில் போய்ச் சொன்ன மறுநாளே வந்து பத்து நிமிடத்தில் ஒரு கொக்கி வைத்துவிட்டுப் போனார், காசு வாங்கவில்லை. இது உங்கள் காதுக்கு வந்திருக்காது, வருவதற்கு வழியே இல்லையே.

உங்கள் பயமும் நியாயம்தான். குழு என்று வைத்தால் ஊர்ப் பெரியமனிதர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள், சாதி உள்ளே வரும், எந்த டீச்சர் வேண்டும் வேண்டாம் என்று கிளம்புவார்கள். நடக்கும். நியமனத்தில் நாங்கள் தலையிடவில்லை, அது அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு உங்களுக்குத் தந்தது, உங்களிடமே இருக்கட்டும். பாதி இடம் அம்மாக்களுக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், தேர்ந்தெடுப்பது பெற்றோரே என்று வையுங்கள், பெரியமனிதர்களுக்குப் பாதி ஆசை அதிலேயே போய்விடும். பக்கத்து ஊர் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் ஒரு அம்மாதான் குழுத் தலைவி, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கூட்டத்தில் கேள்வி கேட்கிறார்.

அடுத்த கூட்டத்தைச் சாயந்திரம் ஆறு மணிக்குமேல் வையுங்கள் ஃபாதர். மூன்று மணி என்றால் எனக்கு அரை நாள் லீவு, கொத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றைய கூலியே போச்சு. அப்புறம், அந்த நீள நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா