அறிக்கையில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

தண்டுவடத்தில் அடிபட்டவர்களை விழுந்த இடத்திலிருந்து எப்படித் தூக்கிவந்தார்கள் என்ற என் இரண்டு மாத ஆய்வு முடிந்தது. மாணவர்களுக்கான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உதவித்தொகையில் செய்தது. வழிகாட்டிய பேராசிரியருக்கு அறிக்கையிலேயே நன்றி சொல்லியாயிற்று. மீதிப் பேருக்கு இங்கே.

முதலில் ஜன்னலோரக் கட்டில் அண்ணாச்சிக்கு. (அவர் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.) தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். உணர்வு எதுவரை இருக்கிறது என்று பார்க்க, உடம்பில் பக்கத்துக்கு 28 இடங்களைப் பஞ்சாலும் ஊக்கு முனையாலும் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது டாக்டர் தம்பி, தெரியுது" என்பார். தொப்புளைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். தொப்புள் என்றால் டி-10, அதாவது தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் பத்தாவது நரம்பு, என்று மனப்பாடம் செய்தது அங்கேதான் புரிந்தது. ஒருநாள் நான் கையை எடுத்த பிறகும் "தெரியுது" என்றார். கண்ணைத் திறந்து, ஊக்கு என் கையில் இருப்பதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. தாளில் பூஜ்யம் போடக் கை வரவில்லை. அப்புறம் போட்டேன்.

அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக் குட்டியானையில் ஏற்றிவந்த நண்பர்களுக்கும் நன்றி. சொல்லும்போதே ஒருவர் அழுதுவிட்டார். தலை, முதுகு, இடுப்பு மூன்றும் நேராக இருக்கும்படி உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மறைக்காமல் சொன்னீர்களே, அதுதான் என் ஆய்வு.

வார்டு சிஸ்டருக்கு. பேட்டி மும்முரத்தில், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பதை ஒரு மதியம் மறந்துவிட்டேன். அண்ணாச்சியின் இடுப்புக்குப் பின்னால் தோல் சிவந்துவிட்டது. நல்ல திட்டு. மேரி வர்கீஸ் கதையைச் சொன்னதும் இதே சிஸ்டர்தான்: 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், வேலூரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். நியூரோசர்ஜரிதான் என்று நான் முடிவு செய்தது அன்றைக்கு ராத்திரி.

முதலாண்டில் எங்களுக்காகத் தம் உடலைத் தந்த, பெயர் தெரியாத அந்தப் பெரியவருக்கும். சுண்டுவிரல் தடிமன், 45 செ.மீ. நீளம். 'இவ்வளவுதானா தண்டுவடம்!' என்று அன்று நினைத்தேன்.

அண்ணாச்சி இப்போது வீட்டில், வீல்சேரில் இருக்கிறார். போன ஞாயிறு போன் செய்தார். "வரும்போது அந்த ஊக்கை எடுத்துட்டு வாங்க தம்பி, இன்னொரு தடவை பாத்துருவோம்."

அடுத்த வாரம் போகிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மருத்துவ மாணவன்