தோட்டத்துக்கு இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டில் இடமில்லாதவர்கள் பொதுத் தோட்டத்தில் சேர்ந்து உழைக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாகர்கோவிலை அடுத்த எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் பல வருஷமாக முள்ளும் புதருமாகக் கிடந்தது. அனுமதி வாங்கி, தெருக்காரர்கள் சேர்ந்து அதைத் தோட்டமாக்கினோம். வெண்டை, வழுதலங்காய் (கத்தரி), பயறு, மரச்சீனி (மரவள்ளி), நாலைந்து மூடு மட்டி வாழை என்று இப்போது நன்றாகவே நிற்கிறது. ஆரம்பத்தில் ஆர்வத்தோடு வந்தவர்கள் நிறைய. ஆனால் தனியாக வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேலையின் தன்மை அப்படி. இன்றுவரை தொடர்கிறவர்கள் யாரென்று பார்த்தால் ஒரு அம்மாவும் மகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், அடுத்தடுத்த வீட்டுச் சிநேகிதிகள், நானும் என் மாமியாரும். எல்லாரும் துணையோடு வந்தவர்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் பிரச்சினை இல்லை, களை பறித்தால் போதும். சோதனை மாசியில் தொடங்கும். வெயில் ஏறும் அந்த நேரத்தில்தான் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா, கல்யாணங்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை எல்லாம் சேர்ந்து வரும். ஒரு வாரம் தண்ணீர் விடாமல் போனால் வெண்டை கருகிவிடும். இரண்டு பேர் பொறுப்பெடுத்த பாத்தி என்றால் ஒருவர் ஊருக்குப் போனாலும் இன்னொருவர் போய் ஊற்றிவிடுவார். காலையில் எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தாலும், கூட வருகிறவர் வாசலில் வந்து நிற்கும்போது கிளம்பித்தானே ஆக வேண்டும்?

என் மாமியாருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. மரச்சீனி நடும்போது ஸ்டூலில் உட்கார்ந்து கம்பைச் சாண் நீளத்துக்கு நறுக்கித் தருவார். நான் மண்ணை இளக்கி மேடு கூட்டி நடுவேன். எந்தக் கம்பு முற்றியது, எது பிஞ்சு என்று அவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருநாள் கம்பைத் தலைகீழாகக் குத்தப் போனாள். “மக்ளே, கம்புல முளைக்கிற கண்ணு மேல பாத்து இருக்கணும்” என்று கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அப்புறம் அந்தப் பிள்ளை தன் தாத்தாவையும் அழைத்து வர ஆரம்பித்துவிட்டாள். வயதானவர்களிடம் விவரம் இருக்கிறது, இளையவர்களிடம் உடம்பில் தெம்பு இருக்கிறது. இரண்டும் ஒரே பாத்தியில் சேர்வது எனக்கு மிகவும் சந்தோஷம் தருகிறது.

விளைந்ததை அந்த வாரம் வேலை செய்தவர்கள் எடுத்துக்கொள்கிறோம், மிச்சம் அங்கன்வாடிக்கு. இதில் இதுவரை சண்டை வந்ததில்லை.

சேர்ந்து உழைப்பது நமக்குப் புதிதும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்து, மரங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது தெருத் தெருவாக ஆட்கள் இறங்கி வெட்டி வழிவிட்டார்கள். அந்தப் பழக்கம் ஆபத்து நேரத்தோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே, பொதுத் தோட்டம் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆள் சேர்க்கும்போதே “யாரோடு வருகிறீர்கள்?” என்று கேளுங்கள். முறைப் பட்டியலை இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். தனியாக வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல், அங்கேயே ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிடுங்கள்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. அப்படிக் கிடைத்த இடங்கள் எத்தனையோ புதர் மண்டிக் கிடக்கின்றன. குடியிருப்பவர்கள் முன்வந்தால் ஒரு தண்ணீர்க் குழாயும், மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்துப் பூட்ட ஒரு சின்ன அறையும் அமைத்துக் கொடுங்கள். நாங்கள் இன்னும் கருவிகளை வீட்டுக்கு வீடு தூக்கிக்கொண்டுதான் நடக்கிறோம். மாசி பிறப்பதற்கு முன்னால் குழாயாவது கிடைத்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்.