‘உள்ளிட்ட’ என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானப் படையில் 20 வருஷம் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து சார்ஜென்டாக ஓய்வுபெற்றவன் நான். இப்போது ஒரத்தநாடு பக்கம் ஒன்பது மா நிலத்தில் குறுவை, சம்பா என்று காலம் போகிறது.

ஹெலிகாப்டர் விழுந்து எல்லாரும் உயிரிழந்த குன்னூர் விபத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைகளில் ‘பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர்’ என்றே வருகிறது. முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ராவத்தை எங்கள் பக்கம் நன்றாகவே தெரியும். 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப் படைத் தளத்துக்கு வந்து சுகோய் போர் விமானப் படைப்பிரிவைத் தொடங்கி வைத்தவர் அவர். அந்தச் சுகோய் தலைக்கு மேல் போனால், களை பறிக்கும் பெண்கள் இன்றைக்கும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

சரி, 2021 டிசம்பர் 8 அன்று அவரை ஏற்றிச் சென்ற எம்ஐ-17 ஹெலிகாப்டரை ஓட்டியவர்கள் யார்? விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌகான், ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். கூட இருந்த ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள் ராணா பிரதாப் தாஸ், பிரதீப். இந்த நால்வரும் ‘உள்ளிட்ட’வுக்குள் போய்விட்டார்கள்.

எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், பறப்பதற்கு முன் எஃப் 700 என்ற பதிவேட்டில் நாங்கள் கையெழுத்துப் போட்டுத்தான் வண்டியை ஒப்படைப்போம். (எங்களுக்கு ஹெலிகாப்டரும் வண்டிதான்.) அப்புறம் கேப்டன் கையெழுத்துப் போடுவார். அனுப்பிய வண்டி திரும்பி வந்து இறங்கும்வரை தொண்டையில் டீ இறங்காது. உள்ளே போகிறவர்களில் ஓட்டுகிறவர் மட்டுமா இருக்கிறார்?

1999 மே 28 அன்று கார்கில் போரில் டோலோலிங் மலைக்கு மேல் ஒரு எம்ஐ-17 சுட்டு வீழ்த்தப்பட்டது. வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்றும் ஃப்ளேர் கருவி அதில் இல்லை. இல்லாமலேதான் போனார்கள். ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்டுகள் பிரசாத், சாகு. முகிலன் என்ன மொழிப் பெயர் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சுதந்திர தினத்துக்கு என்னைப் பேச அழைத்த ஒரு பள்ளியில், அந்தப் பெயரை ஆசிரியர்களே கேள்விப்பட்டதில்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் இருந்ததோ அமெரிக்க விமானம்! குறை சொல்ல மனம் வரவில்லை, நல்ல வடை கொடுத்தார்கள்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏஎன்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான் வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதறல்கள் கிடைத்தன. அதுவரை அந்த வீடுகளில் திதி கொடுப்பதா, காத்திருப்பதா என்று எப்படித் தவித்திருப்பார்கள்?

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம் இடம்தான். டிசம்பர் 7 கொடிநாளுக்குத் தலையங்கம் எழுதுவீர்கள். மறுநாளே குன்னூர் நினைவு நாள். அந்த இரண்டு நாளில் ஒரு நாளாவது, பைலட் முதல் சார்ஜென்ட் வரை பெயர்களைப் பதவியோடு, ‘உள்ளிட்ட’ போடாமல் அச்சிடுங்கள். நாலு வரிக்கு மேல் ஆகாது.

ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போய், காவிரி கடலில் சேரும் இடத்தில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவேன். கடைசியாக ஒரு கை அந்த 29 பேருக்கு. கோத்திரம் தெரியாமல் விடலாமா என்று ஐயரைக் கேட்டேன். “தாராளமா விடுங்கோ” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் படை வீரர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.