பெட்டியில போட்டது ஒன்னு, உள்ள இருக்கது ஒன்னு: போன மாத்திக் குடுங்க, இல்லன்னா காச திருப்பிக் குடுங்க

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். டோல்ஃப்ரீ நம்பர்ல பேசிப் பாத்துட்டேன், உங்க ஆப்புல சாட் பண்ணிப் பாத்துட்டேன், பைபாஸ் ரோட்டுல இருக்க உங்க சர்வீஸ் சென்டர்ல டோக்கன் போட்டு உக்காந்தும் பாத்துட்டேன், ஒன்னும் வேலைக்காகல, அதான் இந்த மெயில். இதையும் எங்க அக்கா மகன் போன வாங்கித்தான் டைப் பண்றேன், ஏன்னா உங்க போன்ல ஒரு எழுத்த அமுக்குனா மூணு எழுத்து விழுகுது, அமுக்காமலே நாலு விழுகுது. மாடல் நம்பர், ஐஎம்இஐ எல்லாம் பில்லுல இருக்கு, பில்லு இதோட அனுப்பியிருக்கேன். அது என்ன கோளாறுன்னு நான் உங்களுக்கு வெளக்கத் தேவையில்ல, செஞ்சவங்களுக்குத் தெரியாததா. நீங்க அனுப்புன சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அப்பறம் போனு தன்னால ஆஃப் ஆகி ஆன் ஆகுற, ஸ்க்ரீன் தானா அமுங்குற அதே கோளாறுதான்.

நான் டெய்லர். மொதல்ல மீனாட்சி கோயில் எதுக்க இருக்க புதுமண்டபத்துல மிஷின் போட்டிருந்தேன், அங்க இருந்த கடையெல்லாம் மாத்துனப்ப இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்துட்டோம். எடம் மாறுனதால பழைய ஆளுகளுக்கு கடை எங்கன்னு தெரியாது, எல்லாம் போன்லதான், வாட்ஸ்அப்புல லொகேஷன் அனுப்புனாத்தான் வருவாங்க. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுறவங்களுக்கு சல்லடம், உருமா, கச்சை எல்லாம் நாங்கதான் தைக்கிறது, பங்குனியிலயே ஆர்டர் வந்துரும், மேலூர் பக்கம், வாடிப்பட்டி, மானாமதுரை வரைக்கும் ஆளுக போட்டோ அனுப்புவாங்க, இந்தக் கலரு, இந்த ஜரிகைன்னு. அந்த நேரத்துல பாத்து உங்க போனு மண்டையப் போட்டுருச்சு. எனக்கு ரெண்டு லட்சம் ரூபா நஷ்டம் சார், ஒரு சீசனே போச்சு, இத்தன வருஷமா சேத்த பேரும் போச்சு.

அதவிடப் பெரிய விஷயம் ஒன்னு இருக்கு, அத மொதல்ல சொல்லிர்றேன், இல்லன்னா எனக்கு அடங்காது. உங்க சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல ஒரு தம்பி இருக்காரு, கழுத்துல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு. போனத் தொறந்து பாத்துட்டு உள்ள ஒரு ஸ்டிக்கர் செவப்பா மாறிருச்சு, தண்ணி போயிருச்சு, வாரண்டி கெடயாதுன்னாரு. தண்ணியே படலயே தம்பி, சட்டப்பையிலயும் கட்டிங் டேபிள்லயும்தான் கெடந்துச்சுன்னேன். அதுக்கு அவரு சொல்றாரு, "ஏன் சார், அழகரு கூட நீங்களும் ஆத்துல எறங்குனீங்களா?" பின்னாடி உக்காந்திருந்த பொண்ணுகள்ல இருந்து செக்யூரிட்டி வரைக்கும் சிரிக்கிறாங்க. என் வயசுக்கு அவரு எனக்கு மகன் மாதிரி. அழகர வச்சு கேலி பண்றது வேற, என்னைய கேலி பண்றது வேற, ரெண்டயும் ஒரே வாயில பண்ணிட்டாரு. நான் பெரிய ஆள கூப்பிடுங்கன்னேன், "8,499 ரூபா போனுக்கு மேனேஜரெல்லாம் வர மாட்டாரு சார், இந்த வெலைக்கு வேற என்ன எதிர்பாக்குறீங்க"ன்னாரு.

என்ன எதிர்பாத்தேன்னு சொல்றேன். பெட்டி மேல நீங்க அச்சடிச்சத எதிர்பாத்தேன், வேற ஒன்னும் இல்ல.

பெட்டியில 8 ஜிபி ரேமுன்னு, அதான் போனு வேகமா ஓடுறதுக்கு உள்ள மெமரி, கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க, பக்கத்துல எறும்பு சைஸ்ல ஒரு ஸ்டார். அக்கா மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், அவன்தான் சொன்னான், மாமா உண்மையான ரேமு 4 ஜிபிதான், மிச்ச 4 ஜிபி ஸ்டோரேஜுல இருந்து கடன் வாங்கி ரேமுன்னு கணக்கு காட்டுறாங்க, ஸ்டோரேஜு ரேமு வேகத்துக்கு ஓடவே ஓடாதுன்னு. சரி, அந்த ஸ்டோரேஜாவது முழுசா இருக்கான்னா 64 ஜிபின்னு போட்டிருக்கு, சிஸ்டமும் நீங்களே ஏத்தி அனுப்புன ஆப்பும் போக கைக்கு வந்தது நாப்பத்தி சொச்சம், அதுல 4 ஜிபிய மறுபடி ரேமுக்குன்னு புடுங்கிக்கிட்டா எனக்கு என்ன மிஞ்சும். நான் லைனிங் துணிய பட்டுன்னு பில்லு போட்டு, ஓரத்துல ஸ்டார் வச்சு "பட்டு மாதிரி"ன்னு எழுதுனா என் கஸ்டமரு சும்மா விடுவானா? கத்திரிக்கோல எடுத்து என்னையே வெட்டிப்புடுவான்.

கேமரா இன்னும் மோசம். பின்னாடி பெருசா மூணு வட்டம் இருக்கு, பாக்குறவங்க எல்லாம் மூணு கேமராவா அண்ணேன்னு கேட்டாங்க, நானும் பெருமையா ஆமான்னேன். ஒன்னுதான் கேமரா. ரெண்டாவது வட்டத்துக்கு ஏஐ லென்ஸுன்னு பேரு, 0.08 மெகாபிக்சல், அத வெரல வச்சு மறச்சுட்டு எடுத்தாலும் படம் அச்சு அசல் அதேதான் வருது, கடையில இருந்த எல்லாருக்கும் செஞ்சு காமிச்சேன். மூணாவது வட்டத்துக்குள்ள ஃப்ளாஷ் லைட்டு. ஒரு லைட்டுக்கு எதுக்கு சார் கேமரா மாதிரி வளையம்? 50 மெகாபிக்சல்னு போட்டிருக்கீங்க, ஆனா சாதாரணமா எடுத்தா 12.5 மெகாபிக்சல்லதான் சேவ் ஆகுது, நாலு புள்ளிய ஒன்னா சேத்துருமாம், அது நெறைய போன்லயும் உள்ளதுதானாம், அத விடுங்க. ஆனா கலரு? டெய்லருக்கு கலருதான் சோறு. அரக்கு எடுத்தா செவப்பா வருது, மாம்பழ மஞ்சள் எலுமிச்ச மஞ்சளா வருது. டியூப் லைட்டு வெளிச்சத்துல கிளிப்பச்சைய எடுத்து அனுப்புனேன், அந்தாளு ராமர் பச்சை வேணாம்னுட்டு வேற கடைக்குப் போயிட்டாரு. பச்சைக்கு மதுரையில என்ன மதிப்புன்னு உங்களுக்குத் தெரியாது, அழகரு பச்சைப் பட்டு கட்டி ஆத்துல எறங்குனா அந்த வருஷம் வெவசாயம் செழிக்கும்னு சனம் நம்புற ஊரு இது. டிஸ்ப்ளே பெருசுதான், 6.6 இஞ்ச், ஆனா அம்புட்டுப் பெரிய டிஸ்ப்ளேக்கு வெறும் 720 பிக்சல் அகலம், ஜரிகை டிசைன பெருசு பண்ணிப் பாத்தா கட்டங்கட்டமா தெரியுது. வெயில்ல கொண்டு போனா கண்ணாடி, என் மூஞ்சிதான் தெரியும்.

கைரேகை பட்டன சைடுல வச்சீங்க. ஊசி குத்தி, சாக்பீஸ் புடிச்சு தேஞ்ச வெரலு எங்களுது, பத்துக்கு ரெண்டு தடவ தொறந்தாலே அதிசயம். கொத்தனாரு, டெய்லரு, பூக்கட்டுறவங்க, இவங்கதான சார் இந்த வெலையில போனு வாங்குறது, யாரு வெரல வச்சு டெஸ்ட் பண்ணுனீங்க? பின் பக்கம் பளபளன்னு பிளாஸ்டிக்கு, டேபிள்ல வச்சா கேமரா மேடு இடிச்சு ஆடிக்கிட்டே இருக்கும், சாய்ச்சு வச்சா வழுக்கிக்கிட்டு கீழ போகும். லாக்க தொறக்கும் முன்னாடியே ஸ்க்ரீன்ல வெளம்பரம், லோன் வேணுமா, சீட்டு ஆடுறியான்னு. காசு குடுத்து வாங்குன போன்ல எதுக்கு எனக்கு வெளம்பரம் காட்டுறீங்க.

நல்லத நல்லதுன்னு சொல்லணும், பேட்டரி நல்லா நின்னுச்சு. 5,000 எம்ஏஎச்னு சொன்னீங்க, காலையில போட்டா மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஓடும், ஸ்பீக்கரு சத்தமும் மிஷின் சத்தத்துக்கு மேல கேக்கும். ஹெட்போன் ஓட்டை வச்சிருக்கீங்க, சார்ஜரும் பெட்டியிலயே குடுத்தீங்க, 10 வாட்டு, ஃபுல் ஆக மூணு மணி நேரம் எடுத்தாலும் குடுத்தீங்க. அதுனாலதான் எங்க தெருவுல ரெண்டு பேர வாங்க வேற சொன்னேன். இப்ப அவங்க என்னைய வையுறாங்க.

அந்த அப்டேட் வந்த அன்னைக்கு ஆரம்பிச்சது. சார்ஜ் போட்டா தன்னால ஆஃப் ஆகி ஆன் ஆகுது, ஸ்க்ரீன் தானா அமுங்குது, ராத்திரி ஒன்றரைக்கு என் சம்பந்தி வீட்டுக்கு தானா வீடியோ கால் போயிருக்கு. யூபிஐ-ல காசு வந்துச்சான்னு பாக்கறதுக்குள்ள ஹேங் ஆகிரும், கஸ்டமரு அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு நிக்கிறாரு, நான் எத நம்புறது, நல்லா இருந்த ஆளுககிட்ட சந்தேகப்பட வச்சுட்டீங்க. சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போனா சாஃப்ட்வேர் போட்டாச் சரியாகும்னு வாங்கி மொத்தத்தையும் அழிச்சுட்டாங்க. அழிக்கப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லல. என் அளவு நோட்டு முழுசும் அதுல போட்டோவா இருந்துச்சு, வருஷா வருஷம் வர்றவங்களோட இடுப்பளவு, நெஞ்சளவு எல்லாம். அதுக்கு என்ன வெல போடுவீங்க? சரி அழிச்சீங்க, போனு சரியாச்சா, அன்னைக்கு ராத்திரியே மறுபடி ஆட ஆரம்பிச்சுருச்சு.

அப்பறம் போனுக்குள்ள இருக்க போர்டு போச்சுன்னாங்க. ஜாப் ஷீட்டு போட்டு போன வாங்கி வச்சுக்கிட்டாங்க. தேரோட்டத்தன்னைக்கு காலையில எஸ்எம்எஸ் வருது, உங்க போன் ரெடி, வந்து வாங்கிக்கங்கன்னு. தேரோட்டம்னா என்னன்னு உங்களுக்குப் புரியுமான்னு தெரியல, மாசி வீதி நாலும் சனம், வண்டி ஒன்னும் நகராது, மறுநாள் அழகர எதிர்கொண்டு கூப்பிடுற எதிர்சேவை, அதுக்கு மறுநாள் அழகரு எறங்குறாரு, எங்களுக்கு வருஷத்துலயே யாவாரம் நடக்குற நாளே அன்னைக்குத்தான். போன் வந்துட்டா ஆர்டரப் புடிச்சுரலாம்னு கடைய பக்கத்துக் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு கூட்டத்துக்குள்ள நீந்தி, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பஸ்ஸப் புடிச்சு காளவாசல்ல எறங்கி, வேகாத வெயில்ல சென்டருக்குப் போனா, "பார்ட்டே இன்னும் வரலயே சார், அது சிஸ்டத்துல இருந்து ஆட்டோமேட்டிக்கா போயிருக்கும்"ன்றாங்க. ஆட்டோமேட்டிக்கா! திரும்பி வர்றதுக்குள்ள எனக்காக காத்துக்கிட்டிருந்த மானாமதுரை ஆளுக பக்கத்துக் கடையிலயே வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்த பக்கத்துக் கடைதான் நான் சொல்லிட்டுப் போன கடை.

திருவிழா முடிஞ்சு போனப்பத்தான் தண்ணி போயிருச்சுன்ற கதை. போர்டு 4,000, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4,720 கட்டுங்கன்னு எஸ்டிமேட் தந்தாங்க. 8,499 போனுக்கு 4,720! தண்ணி போயிருந்தா மொத தடவ தொறந்தப்பவே ஸ்டிக்கரு செவப்பா இருந்திருக்கணும்ல, அப்ப ஏன் எழுதல? அந்த மொத ஜாப் ஷீட்டுல "தண்ணி பாதிப்பு இல்லை"ன்னு உங்க ஆளே டிக் அடிச்சிருக்காரு, காப்பி என்கிட்ட இருக்கு, இதோட அனுப்பியிருக்கேன். அதுக்கப்பறம் போனு இருந்தது உங்க அலமாரியில. அப்ப யாரு ஆத்துல எறங்குனது, நானா, அந்த தம்பியா?

டோல்ஃப்ரீல தமிழுக்கு ஒன்ன அமுக்குங்கன்னா அமுக்குறேன், இந்தியில பேசுறாங்க. தமிழ் பேசுன ஒரு பொண்ணு மரியாதயாத்தான் பேசுச்சு, அத சொல்லணும், மேல உள்ளவங்களுக்கு எஸ்கலேட் பண்ணிருக்கேன் 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க அண்ணான்னுச்சு. யாரும் கூப்பிடல. பதிலுக்கு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, பத்துக்கு எத்தனை மார்க் தருவீங்க"ன்னு எஸ்எம்எஸ்தான் வந்துச்சு.

சார், நான் சண்டைக்காரன் இல்ல. நீங்க நல்ல கம்பெனின்னு நம்பித்தான் வாங்குனேன், இப்பவும் நீங்க நெனச்சா ஒரு போன் கால்ல முடிஞ்சுரும், அத தாழ்மையாவே கேட்டுக்கிறேன். ஆனா ஒன்னு, ஐகோர்ட் மதுரை பெஞ்சுல ப்ராக்டிஸ் பண்ற ஒரு வக்கீல் சாருக்கு கவுன் நாந்தான் தைக்கிறேன். அவரு ஜாப் ஷீட்ட பாத்துட்டு சிரிச்சாரு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்க ஊர்லயே, அதாவது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸு போடலாமாம், உங்க ஹெட் ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸும் கெடயாது, வக்கீலும் வச்சே ஆகணும்னு இல்ல, நானே நின்னு பேசலாம். ஏமாத்துற வெளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்காம், அந்த 8 ஜிபி ஸ்டாரையும் லைட்டு வளையத்தையும் போட்டோ புடிச்சு வச்சிருக்கேன், எங்க அக்கா மகன் போன்ல, கலரு சரியா வரணும்ல. அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு பதிவு பண்ணிருவேன்.

எனக்கு வேண்டியது இதுதான். வேற புது போனு, ரிப்பேர் பண்ணுனது வேணாம், இல்லன்னா 8,499 ரூபாயும் முழுசா. அந்த ரெண்டு லட்சத்த இப்போதைக்கு கேக்கல, கேஸுன்னு போனா அதையும் சேத்துத்தான் கேப்பேன். அந்த தம்பிய வேலைய விட்டுத் தூக்கச் சொல்லல, அவரு வீட்லயும் அடுப்பு எரியணும், ஆனா என் கடைக்கு வந்தோ போன்லயோ மன்னிப்பு கேக்கணும், அதுல மாத்தம் இல்ல. 15 நாள் டைம் தர்றேன்.

கூப்பிடுறதா இருந்தா பில்லுல உள்ள நம்பருக்கே கூப்பிடுங்க, சிம்ம கழட்டி பட்டன் போன்ல போட்டுட்டேன். காலையில பத்து மணிக்கு மேல, தமிழ் பேசுற ஆளா கூப்பிடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
குன்னத்தூர் சத்திரம், மதுரை.

இணைப்பு: பில், ஜாப் ஷீட்டு ரெண்டும், எஸ்டிமேட்டு, தேரோட்டத்தன்னைக்கு வந்த எஸ்எம்எஸ்ஸோட போட்டோ.