இரவு ஷிப்ட் சேச்சிக்கு

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து சிகாகோவில் படுத்திருந்த மூன்றாம் இரவு. குரல் வரவில்லை. தண்ணீர் கேட்கக்கூடக் கைஜாடைதான். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

நீங்கள் மலையாளம் கலந்த தமிழில் பேசினீர்கள், சேச்சி. நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் இடைவேளையில் கீழே போய் ஒரு கோடு போட்ட நோட்டும் இரண்டு பேனாவும் வாங்கி வந்தீர்கள். முதல் பக்கத்தில் ‘ரோஜர் ஈபர்ட்’ என்று எழுதி, "இந்த ஊர்க்காரர்தான், படிச்சுப் பாருங்க" என்றீர்கள்.

சினிமாப் பைத்தியமான எனக்கு அவரைத் தெரியும். 1967 முதல் சிகாகோ சன்-டைம்ஸில் திரை விமர்சனம் எழுதியவர். 1975இல் புலிட்சர் பரிசு. ஆனால் 2006க்கு அப்புறமான ஈபர்ட்டை நான் படித்ததில்லை. புற்றுநோயில் கீழ்த்தாடை போனது, குரல் போனது, வாயால் சாப்பிடுவதும் போனது. அந்த நிலையில் 2012இல் மட்டும் 306 விமர்சனங்கள்! வாழ்நாளிலேயே அதிகம் எழுதிய வருடம் அது. 2013 ஏப்ரல் 4இல் காலமாவதற்கு இரண்டு நாள் முன்புகூட, அடுத்து செய்யப்போகும் வேலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். விடிய விடியப் போனில் படித்தேன். சில படங்களில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது, அது வேறு சண்டை.

ஐந்து வாரத்தில் குரல் திரும்பியது. பூ வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தால், நீங்கள் வேலை மாறிவிட்டீர்களாம். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை நான். சிகாகோ மலையாளி நண்பர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சேச்சி, நோட்டில் இன்னும் பதினோரு பக்கம்தான் மிச்சம்.