பூக்கூடை அக்காவுக்கு நன்றி

போன செவ்வாய் இரவு 8 மணி, தாம்பரம் பேருந்து நிறுத்தம். டியூஷன் முடிந்து வந்த என் 15 வயது மகளை ஒருவன் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறான். பூ கட்டிக்கொண்டிருந்த நீங்கள்தான், "ஏண்டி, சித்தி கூப்பிடுறது காதுல விழலையா?" என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். அவன் நழுவிவிட்டான்.

நான் வந்து சேர 20 நிமிடம். அதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "பிடிக்கிறவன் கட்டைவிரல் பக்கமா வெடுக்குனு இழு, இழுக்கும்போதே கத்து" என்று நாலைந்து தடவை செய்யவைத்திருக்கிறீர்கள். (கராத்தே வகுப்புக்கு நான் கட்டிய பணம் தனிக்கதை.) குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் போனில் பதியவைத்தீர்களாம்.

பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை, அக்கா. அவள் தலையில் வைத்த ஒரு முழம் மல்லிக்கும் காசு வாங்கவில்லை. இரண்டு நாள் தேடி வந்தேன், உங்கள் இடம் காலி. மறுபடி வருவேன்.